ஆடு நொண்டினால் முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கேள்வியின் சாரம் இது: நாற்பத்தைந்து செம்மறிகள். ஐப்பசி மழைக்குப் பிறகு எட்டு ஆடுகள் நொண்டுகின்றன. அவற்றில் மூன்று மேய்வதில்லை. நொண்டாத ஒரு பெட்டைக்குத் தாடைக்குக் கீழே பை போலத் தொங்குகிறது. கொழுகொழுவென்று இருந்த குட்டி ஒன்று காலையில் பட்டியில் செத்துக் கிடந்தது. மருந்துக்கடையில் வாங்கிய ஊசியை எல்லாவற்றுக்கும் தொடையில் போட்டாகிவிட்டது. இரண்டு ஆடுகளுக்கு நொண்டல் கூடியதுதான் மிச்சம். இது என்ன நோய், என்ன மருந்து?

"என்ன நோய்" என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் குறைந்தது மூன்று நோய்களாவது ஒரே பட்டிக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது. மழைக்காலத்துச் செம்மறி மந்தையில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஈரமும் சேறும் பூச்சியும் புழுவும் ஒரே மாதத்தில் வருகின்றன. நோய்களும் ஒரே மாதத்தில் வருகின்றன. சிக்கல் எங்கே என்றால், பத்தடி தூரத்தில் நின்று பார்க்கும்போது எல்லா நொண்டலும் ஒரே மாதிரிதான் தெரியும். குளம்பு அழுகலுக்கு ஊசி கேட்கும். நீலநாக்கு என்ற வைரஸ் நோய்க்கு அந்த ஊசி கேட்காது. கோமாரிக்கு ஊசியைவிட ஆட்டை வெளியே விடாமல் இருப்பது முக்கியம். முள் குத்தியிருந்தால் முள்ளை எடுத்தாலே போதும். ஆகவே மருந்துக்கு முன்னால் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சரியாகச் செய்தால் பாதி ஆடுகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

காலையில் பட்டிப் படலைத் திறக்கும்போது ஆட்டைப் பிடிக்காதீர்கள், நின்று பாருங்கள். எது கடைசியாக எழுந்திருக்கிறது, எது எழுந்ததும் சோம்பல் முறிக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறது, எது கூட்டத்தைவிட்டு ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். செம்மறி, வெள்ளாட்டைப் போலக் கத்தி ஊரைக் கூட்டாது. முடிந்தவரை மந்தையோடு ஒட்டிக்கொண்டு வலியை மறைக்கும். அது ஒதுங்கிவிட்டது என்றால் நோய் முற்றிவிட்டது என்றே பொருள். நடக்கும்போது தலையைப் பாருங்கள். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும் நேரத்தில் தலை மேலே எழும்பும். முன்னங்கால் இரண்டும் வலித்தால் முழங்காலில் மண்டியிட்டு மேயும். இது குளம்பு நோய்க்கே உரிய அடையாளம். எத்தனை ஆடுகள், எந்தெந்தக் கால்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு ஆடு, ஒரு கால் என்றால் பெரும்பாலும் முள், கல், அடி. பல ஆடுகள், ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கால்கள் என்றால் குளம்பு அழுகல் பக்கம் சாயலாம். ஓர் ஆட்டிலேயே நான்கு காலும் வலித்து, நடக்கவே மனமில்லாமல் நின்றால் உடம்பு முழுவதையும் தாக்கிய நோய் என்று எடுத்துக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும்.

அடுத்தது வெப்பமானி. மனிதருக்கு வைக்கும் டிஜிட்டல் வெப்பமானியே போதும். முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில் வையுங்கள். செம்மறிக்கு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் மேய்ந்துவிட்டு வந்த ஆட்டுக்கு 104 கூடக் காட்டலாம் என்பதால் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நூறு ரூபாய்ச் சொச்சத்துக்குக் கிடைக்கும் இந்தப் பொருள் பட்டியில் இல்லாமல், ஐந்நூறு ரூபாய்க்கு ஊசி மருந்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குளம்பு அழுகலிலும் முள்ளிலும் காய்ச்சல் இருக்காது, அல்லது இலேசாக இருக்கும். நீலநாக்கில் 105, 106 என்று ஏறும்.

பிறகு ஆட்டைப் பிட்டத்தில் உட்கார வைத்து, அதன் முதுகை உங்கள் முழங்காலில் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்படி உட்கார்ந்துவிட்டால் செம்மறி அடங்கிவிடும். நான்கு குளம்பையும் நிதானமாகப் பார்க்கலாம். நிறைசினை ஆட்டை மட்டும் இப்படிச் சாய்க்காமல், நிற்க வைத்தே ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பாருங்கள். காலைப் பார்த்த கையோடு, ஆட்டை விடுவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும்: வாய், கண்ணின் கீழிமை, தாடை. நொண்டுகிற ஆட்டின் காலை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடும் பழக்கத்தால்தான் நீலநாக்கு மந்தைக்குள் ஒரு வாரம் ஒளிந்து விளையாடுகிறது.

இப்போது குளம்பு. உங்கள் ஊர்க் கரிசல் மண் ஒரு தனிப் பிரச்சினை. ஈரத்தில் அது குளம்பு இடுக்கில் மயிரோடு சேர்ந்து உருண்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டு நாள் வெயில் அடித்தால் கல்லாகிவிடும். அந்தக் கரிசல் உருண்டையைத் தண்ணீர் விட்டு நனைத்து விரலால் பிதுக்கி எடுத்தால், அடியில் தோல் சிவந்து, வெளுத்து, ஊறிப்போய் இருப்பதைக் காணலாம். பல சமயம் நொண்டலுக்குக் காரணம் அந்த உருண்டையே. எடுத்த மறுநாள் ஆடு ஓடும். அதேபோல் சீமைக்கருவேல் முள். அது குத்தி உள்ளே முறிந்துவிட்டால் வெளியில் ஒரு கரும்புள்ளி மட்டுமே தெரியும். குளம்பைக் கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். ஓரிடத்தில் ஆடு வெடுக்கென்று காலை இழுக்கும். அங்கே முள்ளோ சீழோ இருக்கிறது. முள்ளை எடுத்து, சீழ் வடிய வழிவிட்டு, டிஞ்சர் அயோடின் வைத்தால் தீர்ந்தது.

குளம்பு இடுக்குத் தோல் மட்டும் சிவந்து கசிந்து, நாற்றம் இல்லாமல் இருந்தால் அது இடுக்குப் புண். ஈரத்திலிருந்து வறண்ட மேட்டு நிலத்துக்கு மந்தையை மாற்றி, குளம்பைக் கழுவித் துத்தநாகக் கரைசலில் நிறுத்தினால் ஆறிவிடும். ஆறவிடாமல் சேற்றிலேயே வைத்திருந்தால், குளம்பு அழுகலை உண்டாக்கும் டைக்கிலோபாக்டர் நோடோசஸ் என்ற பாக்டீரியா அந்தப் புண் வழியாக உள்ளே நுழையும். அழுகல் வந்த குளம்பை ஒருமுறை முகர்ந்து பார்த்தவர்கள் மறுபடி தவறவிடமாட்டார்கள். அந்த நாற்றம் வேறு எதிலும் வராது. குதிகால் பக்கத்து உட்புறத்திலிருந்து குளம்பு ஓடு, அடிச்சதையை விட்டுக் கழன்று பிரியத் தொடங்கும். பிரிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பசை போல அழுக்கு இருக்கும்.

இங்கேதான் நம் ஊரில் எல்லோரும் கத்தியை எடுக்கிறார்கள். பிரிந்த ஓட்டை எல்லாம் செதுக்கி, ரத்தம் வரும்வரை வெட்டி, மேலே மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) அப்பிவிடுவது பழைய வைத்தியம். புத்தகங்களும் ஒரு காலத்தில் அதையே சொல்லின. இங்கிலாந்தில் செம்மறி மந்தைகளில் செய்த ஆய்வுகள் அதைத் தலைகீழாக்கிவிட்டன. அழுகல் இருக்கும்போது செதுக்கிய ஆடுகளைவிட, செதுக்காமல் ஊசியும் மேல்மருந்தும் மட்டும் கொடுத்த ஆடுகள் சீக்கிரம் குணமாயின. ஆகவே வெட்டாதீர்கள். தொங்கிக்கொண்டு மண் சேர்க்கும் கிழிசல் இருந்தால் அதை மட்டும் நறுக்குங்கள். வளர்ந்து மடங்கிய குளம்பைச் சரிசெய்வது, நோய் ஆறி ஆடு ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகு செய்ய வேண்டிய வேலை. நறுக்கிய கத்தியைக் கிருமிநாசினியில் முக்காமல் அடுத்த ஆட்டுக்கு எடுத்துப்போனால் நீங்களே நோயைக் காலுக்குக் கால் பரப்புகிறீர்கள்.

அழுகலுக்குச் சரியான ஊசி, நீண்ட நேரம் வேலை செய்யும் ஆக்சிடெட்ராசைக்ளின். உடல் எடை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். மில்லிக்கு 200 மில்லிகிராம் உள்ள புட்டியானால் பத்துக் கிலோவுக்கு ஒரு மில்லி. 25 கிலோ ஆட்டுக்கு இரண்டரை மில்லி. கடைகளில் மில்லிக்கு 50 மில்லிகிராம் மட்டுமே உள்ள சாதாரணப் புட்டியும் அதே பெயரில் கிடைக்கிறது. அதை இந்தக் கணக்கில் போட்டால் கால்பங்கு மருந்துதான் போகும். மருந்தும் நீண்ட நேரம் நிற்காது. உங்கள் ஊசி "கேட்காமல்" போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். மருந்தையும் அளவையும் உங்கள் கால்நடை மருத்துவர் ஆட்டைப் பார்த்து எழுதித் தரட்டும். நான் கணக்கைச் சொல்வது, எழுதித் தந்ததைப் புரிந்துகொள்வதற்காக.

இன்னொன்று, தொடையில் ஊசி. தொடையின் பின்புறச் சதைக்குள் பெரிய நரம்பு ஒன்று ஓடுகிறது. மெலிந்த செம்மறியில் சதையே கொஞ்சம். ஊசி அந்த நரம்பில் பட்டாலோ, எரிச்சல் தரும் மருந்து அதன் பக்கத்தில் தங்கினாலோ, நொண்டாத காலும் இழுத்துக்கொள்ளும். ஊசிக்குப் பிறகு நொண்டல் கூடிய உங்கள் இரண்டு ஆடுகளில், எந்தக் காலில் ஊசி போட்டீர்களோ அந்தக் கால்தானா இழுக்கிறது என்று பாருங்கள். இனிமேல் கழுத்துச் சதையில் போடுங்கள். ஆட்டுக்கு ஆடு ஊசியை மாற்றுங்கள்.

மந்தை முழுவதற்கும் கால் குளியல் வேண்டும். நெல்லுக்குப் போடும் துத்தநாக சல்பேட் உரக்கடையில் கிடைக்கும். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ. தகரத்தொட்டியோ, தார்ப்பாய் விரித்த பள்ளமோ, குளம்பு முங்கும் ஆழம் இருந்தால் போதும். சேற்றோடு இறக்கினால் கரைசல் வீண்; முதலில் வெறுந்தண்ணீரில் கழுவிவிட்டு இறக்குங்கள். ஓடவிடாமல் சில நிமிடங்கள் நிறுத்தி, வெளியே வந்ததும் ஒரு மணி நேரமாவது காய்ந்த தரையில் நிற்க வையுங்கள். வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு வாரம் செய்யலாம். மயில்துத்தமும் வேலை செய்யும்தான். ஆனால் செம்மறிக்குத் தாமிரம் நஞ்சு. வெள்ளாடும் மாடும் தாங்கும் அளவைச் செம்மறி தாங்காது. தாகத்தில் தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டால் கண் மஞ்சளாகி, சிறுநீர் காப்பி நிறத்தில் போய்ச் செத்துவிடும். துத்தநாகம் இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? நோயுள்ள ஆடுகள் மேய்ந்த இடத்தில் இரண்டு வாரம் மந்தையை விடாதீர்கள். ஆட்டின் காலைவிட்டு வெளியே விழுந்த அழுகல் கிருமி மண்ணில் அதற்கு மேல் தாக்குப்பிடிக்காது.

குளம்பில் அழுகல் இல்லை, நாற்றம் இல்லை, ஆனாலும் ஆடு நான்கு காலையும் தயங்கித் தயங்கி வைக்கிறது என்றால் குளம்பும் தோலும் சேரும் மேல்விளிம்பைப் பாருங்கள். மயிரை விலக்கினால் சிவப்பாகவோ ஊதாவாகவோ கோடு கட்டியிருக்கும், தொட்டால் சுடும். அதுதான் நீலநாக்கின் கால். உங்கள் எட்டில் மேயாத மூன்றும் இந்த ரகம் என்பது என் சந்தேகம். உதடும் முகமும் காதும் வீங்கியிருக்கும். வாய்க்குள் சிவந்து, ஈறிலும் கன்னத்து உட்புறத்திலும் புண். மூக்கில் முதலில் தண்ணீராக, பிறகு கெட்டியாகச் சளி வழிந்து காய்ந்து மூக்குத் துளையை அடைத்திருக்கும். நாக்கு நீலமாக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான ஆடுகளில் அது நீலமாகவே ஆகாது, வீங்கி மட்டும் இருக்கும்.

இது வைரஸ் நோய். ஆட்டுக்கு ஆடு ஒட்டிப் பரவுவதில்லை. கியூலிகாய்டிஸ் என்ற, கொசுவைவிடச் சின்னப் பூச்சி கடித்துப் பரப்புகிறது. சாணமும் சேறும் கலந்த ஈரத்தில்தான் அந்தப் பூச்சி பெருகுகிறது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே நோய் உச்சத்தில் இருக்கிறது. 1997-98 பருவத்தில் தமிழகத்திலும் ஆந்திராவிலும் செம்மறிகளை வாரிக்கொண்டு போனது இந்த நோயே. வைரஸைக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. பராமரிப்பால்தான் ஆட்டைக் காப்பாற்ற முடியும். அந்தப் பராமரிப்பைச் சிரத்தையாகச் செய்தால் பல ஆடுகள் பிழைத்துக்கொள்கின்றன.

நோய்ப்பட்ட ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். வெயில் முகவீக்கத்தைக் கூட்டும், நடை காலைக் கெடுக்கும். நிழலில், வைக்கோல் பரப்பிய காய்ந்த தரையில் வையுங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் கரைத்து வாயைக் கழுவி, போரிக் பவுடர் கலந்த கிளிசரினைப் புண்ணில் தடவுங்கள். மூக்கில் காய்ந்த சளியை ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்தாலே ஆடு பெருமூச்சு விட்டு ஆறுதலடைவதைப் பார்க்கலாம். கேழ்வரகுக் கூழோ ஆறின கஞ்சியோ தட்டில் வைத்து, அதுவாக நக்கவிடுங்கள். இளம் அகத்திக்கீரை, வேலிமசால் தழை கிடைத்தால் கொடுங்கள். மூங்கில் குழாயை வாயில் திணித்துக் கஞ்சி ஊற்றுவது மட்டும் வேண்டாம். இந்த நோயில் தொண்டைத் தசையும் பாதிக்கப்பட்டிருக்கும். ஊற்றியது நுரையீரலுக்குப் போய் ஆடு நிமோனியாவில் போகும். காய்ச்சலுக்கும் வலிக்கும் மெலாக்சிகாம், பின்னால் வரும் பாக்டீரியாத் தொற்றுக்கு ஆண்டிபயாடிக் என்று மருத்துவர் கொடுப்பார். பட்டியில் சாணச் சேற்றை அள்ளிவிட்டு, பொழுது சாய்ந்ததிலிருந்து நொச்சி, வேம்பு போட்டுப் புகை போடுங்கள். அந்தப் பூச்சி அந்தியிலும் இரவிலும்தான் கடிக்கிறது. பிழைத்த ஆட்டில் மூன்று நான்கு வாரம் கழித்துக் குளம்பு கழல்வதும், கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்வதும் உண்டு. சினை கலைவதும் உண்டு. இதைச் சொல்லி வைத்துவிட்டால் பின்னால் "எந்தக் கண் பட்டதோ" என்று அலைய மாட்டீர்கள்.

நீலநாக்கோடு குழம்பக்கூடியவை இரண்டு. ஒன்று கோமாரி. செம்மறியில் வாய்க் கொப்புளம் சிறிதாக வந்து இரண்டொரு நாளில் ஆறிவிடும். மாட்டைப் போல எச்சில் ஒழுக நிற்காது. எனவே நொண்டல் மட்டுமே கண்ணில் படும். குளம்பு இடுக்கிலும் மேல்விளிம்பிலும் கொப்புளமோ, அது உடைந்த பச்சைப் புண்ணோ இருக்கும். திடீரென்று ஒரே நாளில் மந்தையில் பாதி நொண்டினால், பக்கத்துத் தொழுவத்து மாடுகள் எச்சில் ஒழுக்குகின்றனவா என்று விசாரியுங்கள். பால்குடிக் குட்டிகள் எந்த அறிகுறியும் இல்லாமல் விழுந்து சாவதும் கோமாரியில் நடக்கும். வைரஸ் இதயத் தசையைத் தாக்குகிறது. கோமாரி என்று தெரிந்தால் மந்தையைப் பொதுக் கண்மாய்க்கும் சந்தைக்கும் ஓட்டாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள்.

மற்றொன்று ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதன்முதலில் 1987இல் விழுப்புரம் பக்கத்து அரசூரில் செம்மறிகளில்தான் கண்டறியப்பட்டது. அதனால் நமக்கு இது அந்நியமான நோய் அல்ல. வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சளியும் இதிலும் உண்டு. ஆனால் ஈறில் தவிடு தூவியதுபோல் செத்த தோல் படிந்திருக்கும், வாய் நாறும், கண்ணில் பீளை ஒட்டும், மூன்றாம் நான்காம் நாளில் கழிச்சல் பீச்சியடிக்கும், இருமல் வரும். நொண்டாது. வாய்ப்புண்ணோடு நொண்டினால் நீலநாக்கையோ கோமாரியையோ நினையுங்கள். வாய்ப்புண்ணோடு கழிந்தால் ஆட்டுக்கொல்லியை நினையுங்கள். குட்டிகளின் உதட்டில் மட்டும் தடித்த கரும்பொருக்கு கட்டியிருந்தால் அது ஒட்டுவாய் அம்மை. குளம்பு விளிம்பிலும் வந்து நொண்ட வைக்கும். அது மனிதரின் விரலுக்கும் ஒட்டும் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு மருந்து தடவுங்கள்.

தாடை தொங்கும் பெட்டைக்கு வருகிறேன். அது நொண்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல தகவல். அந்த வீக்கத்தை விரலால் அழுத்துங்கள். சுடாமல், வலிக்காமல், விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் அது நீர். மேய்ந்துவிட்டு வரும் மாலையில் பெரிதாகவும், இரவு தலை தூக்கிப் படுத்துவிட்டு எழும் காலையில் சிறிதாகவும் இருக்கும். பிறகு கண்ணின் கீழிமையை இழுத்துப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தால், வயிற்றில் ஹீமாங்கஸ் என்ற உருண்டைப்புழு ரத்தம் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கிறது, அற்பமாகத் தோன்றும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினம் 50 மில்லி. இருபத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டரைச் சுற்றித்தான். மீதியை நீங்களே கணக்குப் போடலாம். இந்தப் புழுவில் பெரும்பாலும் கழிச்சல் இருக்காது, புழுக்கை கெட்டியாகவே போகும். அதை வைத்து "வயிறு சரியாக இருக்கிறது" என்று ஏமாறாதீர்கள். கண்மாய்க் கரையில் மேய்ந்த ஆடாக இருந்து, நாற்றமடிக்கும் கழிச்சலும் சேர்ந்திருந்தால் நத்தை வழியாக வரும் தட்டைப்புழுவாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. ஆகவே ஒரு பிடி புழுக்கையை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்துவிட்டு மருந்து வாங்குங்கள்.

கீழிமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து அட்டையில் அச்சிட்டு, அதோடு ஒப்பிட்டு வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்து கொடுக்கும் முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது. ஃபமாச்சா என்று பெயர். அதன் நியாயம் எனக்கு மிகவும் பிடித்தது. மந்தையில் பெரும்பாலான புழுக்கள் சில ஆடுகளிடம்தான் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் மாதாமாதம் ஒரே அல்பெண்டசோலை ஊற்றிக்கொண்டே இருந்தால், அந்த மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டுமே மிஞ்சிப் பெருகும். தமிழகப் பண்ணைகளிலேயே அப்படி மருந்து கேட்காத புழுக்கள் பதிவாகியிருக்கின்றன. அல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கவே கூடாது. வெளுத்துப்போன உங்கள் பெட்டைக்கு லெவாமிசோலோ குளோசன்டெலோ பொருந்தலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். கண்ணளவில் எடை போட்டுக் குறைத்து ஊற்றுவது, ஊற்றாமல் இருப்பதைவிடக் கெடுதல். தராசு இல்லையென்றால் மந்தையில் கனத்த ஆட்டின் எடைக்கு அளவெடுங்கள். லெவாமிசோலும் குளோசன்டெலும் அளவு கூடினால் நஞ்சு, அவற்றுக்கு இந்தத் தாராளம் ஆகாது. ஊற்றும்போது ஆட்டின் மூக்கு கண்ணைவிட உயராமல் பிடியுங்கள்.

செத்த குட்டியைப் பற்றி நீங்கள் தந்திருக்கும் ஒரே வரி, "கொழுகொழுவென்று இருந்தது." அந்த வரி துள்ளுமாரியைக் காட்டுகிறது. மழைக்குத் தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த, மந்தையிலேயே நன்றாக வளர்ந்த குட்டியின் குடலில் கிளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. சில மணி நேரத்தில் துள்ளி விழுந்து, கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை உதைத்துக்கொண்டு சாகும். பல சமயம் சாவதை யாரும் பார்ப்பதே இல்லை. கோமாரியில் சாகும் குட்டியும் இப்படித்தான் கிடக்கும் என்பதால் அடுத்தது விழுந்தால் உடலைப் புதைப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். இப்போதைக்கு மீதிக் குட்டிகளைக் காலைப் பனியில் இளம்புல்லுக்கு விடாமல், முதலில் கொஞ்சம் சோளத்தட்டையோ கடலைக்கொடியோ தின்னவிட்டு, வெயில் ஏறியபின் குறைந்த நேரம் மேயவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென்று செத்த ஆட்டின் மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்திருந்தால் தொடாதீர்கள், தோலை உரிக்காதீர்கள், யாரையும் அறுக்க விடாதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), மனிதரையும் கொல்லும். அறுத்தால் அந்தக் கிருமி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மருந்தகத்துக்குச் சொல்லி, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

இளங்குட்டிகள் நொண்டினால் குளம்பைவிட்டு மூட்டுகளைத் தடவிப் பாருங்கள். முழங்காலோ கணுக்காலோ வீங்கிச் சூடாக இருந்தால், பிறந்தபோது தொப்புள் வழியாக நுழைந்த கிருமி மூட்டில் தங்கியிருக்கிறது. முதல் ஓரிரு நாளில் பென்சிலின் தொடங்கி, விடாமல் ஐந்து நாளாவது போட்டால் கால் மிஞ்சும். தாமதித்தால் மூட்டு இறுகிவிடும். ஈன்றதும் தொப்புள்கொடியை டிஞ்சர் அயோடினில் முக்கிவிட்டால் இந்த வேலையே இல்லை. தை, மாசியில் மக்காச்சோள அறுப்பு முடிந்த காட்டில் கதிரை அளவில்லாமல் தின்ற ஆடும் நொண்டும். வயிறு புளித்து, சாணம் தண்ணீராகி, இரண்டு நாள் கழித்து நான்கு குளம்பும் சுடும். தின்றது தெரிந்த உடனே 15 கிராம் சமையல் சோடாவை அரை லிட்டர் தண்ணீரில் கரைத்து மெதுவாக ஊற்றிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். புண்ணில் புழு வைத்திருந்தால் டர்பன்டைன் எண்ணெய் விட்டு, வெளியே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, வேப்பெண்ணெய் தடவுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் திரும்பப் பாருங்கள், ஆழத்தில் மிச்சம் இருக்கும்.

தடுப்பூசிக்கு இந்த ஆண்டு பிந்திவிட்டது. அடுத்த ஆண்டுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். துள்ளுமாரிக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஆவணி வாக்கில். முதல்முறை போடும் குட்டிகளுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து மறு ஊசி உண்டு. அதை விட்டுவிட்டால் முதல் ஊசி வீண். ஆட்டுக்கொல்லிக்கு மூன்று நான்கு மாத வயதில் ஒருமுறை போட்டால் மூன்று ஆண்டுகள் தாங்கும். நீலநாக்குக்கு இந்தியாவில் சுற்றும் ஐந்து வகை வைரஸ்களுக்கு எதிராகச் செய்த தடுப்பூசி இருக்கிறது. அதுவும் மழைக்கு முன்பே. இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் பல தடுப்பு மருந்துகள் தயாராகின்றன. உங்கள் ஊர் மருந்தகத்தில் ஆடியிலேயே ஆட்டுக் கணக்கைக் கொடுத்து வைத்தால் கேட்டு வாங்கித் தருவார்கள். ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தடுப்பூசி வெறும் தண்ணீருக்குச் சமம்.

இன்றைக்கு மேயாத மூன்றையும் பிரித்து நிழலில் கட்டி, வெப்பம் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு 1962 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி அந்த எண்ணில்தான் வருகிறது. வண்டி வருவதற்குள் மற்ற ஐந்தின் குளம்பையும் கழுவிப் பார்த்துவிடலாம். ஊசி போட்ட ஆடுகளைக் கறிக்கு விற்கும் எண்ணம் இருந்தால் புட்டிச் சீட்டில் உள்ள விலக்கு நாட்கள், அதாவது மருந்து கறியைவிட்டு நீங்க ஆகும் நாட்கள், முடியட்டும். நீண்ட நேர ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு அது நான்கு வாரம்.